மறுமுனை நம்மிடம்



இதை எழுதும்போது மேசைமேல் ஒரு 100 ரூபாய்த் தாள் இருக்கிறது. மொரீசியஸ் போய்வந்த நண்பர் தந்தது. அதில் இருப்பது ரங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ்த் தலைவரின் முகம். அந்நாட்டின் 25 ரூபாயில் சீன வழிவந்த ஒருவர் இருக்கிறார். 200-இல் ஒரு முஸ்லிம் தலைவர். 1000-இல் ஒரு கிரியோல் தலைவர். மதிப்பை ஆங்கிலம், தமிழ், இந்தி என்ற வரிசையில் எழுதியிருக்கிறார்கள். 1998-இல் வெளியிட்ட புதிய தாள்களில் தமிழ் மூன்றாவது இடத்துக்குப் போனது. தமிழர்கள் எதிர்த்தார்கள். அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சிட்டார்கள். 12 லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் அந்த நாட்டில் தமிழர்கள் சிறுபான்மையினர்தான் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னத் தீவில் இத்தனை முகங்கள் எப்படி? அங்கே ஆதிகுடி என்று யாரும் இல்லை. எல்லோரும் கடல் வழியே வந்தவர்கள்.

மடகாஸ்கருக்குக் கிழக்கே, சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு கக்கி எழுந்த தீவு அது. நீளம் ஏறக்குறைய 65 கிலோமீட்டர், அகலம் 45. மண்ணைக் கிளறினால் கருங்கல். சுற்றிலும் பவளப்பாறை அரண்போல நிற்பதால் கரையோரக் கடல் குளம்போல அமைதியாகக் கிடக்கும். தெற்கே அந்த அரண் விட்டுப்போன இடத்தில் அலை நேராக வந்து கரும்பாறையில் மோதும். தென்கிழக்குக் காற்று கொண்டுவரும் மேகம் நடுமேட்டில் முட்டிக் கொட்டிவிடுகிறது. அங்கே ஆண்டுக்கு 4000 மில்லிமீட்டர் வரை மழை. மேற்குக் கரைக்கு 1000 மில்லிமீட்டர்கூட எட்டுவதில்லை. நமக்குத் தைப்பனி பெய்யும் நாளில் அவர்களுக்குச் சரியான கோடை, புயல் காலமும்கூட. 1960-இல் வந்த ‘கரோல்’ புயல் ஆயிரக்கணக்கான வீடுகளைப் பிய்த்தெறிந்தது. அதற்குப் பிறகுதான் மரமும் தகரமும் போய், கான்கிரீட் வீடுகள் ஊர் ஊராக எழுந்தன.

1638-இல் குடியேறிய டச்சுக்காரர்கள் கருங்காலி மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். ஜாவாவிலிருந்து கரும்பைக் கொண்டுவந்து ஊன்றினார்கள். பறக்கத் தெரியாத டோடோ பறவை அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அழிந்தது. பின்னால் வந்த பிரெஞ்சுக்காரர்கள் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளைப் பிடித்து வந்தார்கள். புதுச்சேரிப் பக்கத்துத் தமிழ்க் கைவினைஞர்கள் போர்ட் லூயிஸ் நகரைக் கட்டப் போனதும் அப்போதுதான். ஆங்கிலேயர் ஆட்சியில் 1835-இல் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே! 1834 தொடங்கி சுமார் நாலரை லட்சம் இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் ஏறிய 16 கல்படிகள் போர்ட் லூயிஸ் கரையில் இன்றும் இருக்கின்றன.

கரும்புக் காடுகளுக்கு நடுவே ஆங்காங்கே கருங்கல் குவியல்கள் நிற்கும். நிலத்தைத் திருத்தியபோது பொறுக்கிப் போட்ட கற்கள். எந்தக் கல்வெட்டும் அவற்றுக்கு இல்லை. அந்தக் கைகள் யாருடையவை என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு கனத்துப்போகிறது.

அவ்வளவு துயரத்துக்கு நடுவிலும் அவர்கள் பாடினார்கள், சமைத்தார்கள், சாமி கும்பிட்டார்கள். ஆட்டுத்தோல் போர்த்திய ‘ரவான்’ பறையை நெருப்பில் காய்ச்சி அடித்து, அடிமைகளின் பிள்ளைகள் ஆடிய ‘செகா’ இன்று எல்லோருடைய ஆட்டம். தைப்பூசம் அங்கே நாடு தழுவிய விடுமுறை. கொதிக்கும் தார்ச்சாலையில் காவடி போகும். வாழையிலையில் ஏழு கறி பரிமாறுவார்கள். கிரியோல் பேச்சில் ரசம் ‘ரசோன்’, முருங்கை ‘முரும்’, பீர்க்கங்காய் ‘பிப்பங்காய்’. தமிழ் அறியாத வீட்டிலும் இந்தச் சொற்கள் அடுப்படியில் புழங்குகின்றன.

2020 ஆகஸ்டில், பவளப்பாறையில் தரைதட்டிய சரக்குக் கப்பலிலிருந்து ஏறத்தாழ 1000 டன் எண்ணெய் கடலில் கசிந்தது. மக்கள் வேலையைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஓடினார்கள். துணிப்பையில் கரும்புத் தோகையை அடைத்துத் தைத்து, எண்ணெயைத் தடுக்க மிதவை கட்டினார்கள். சிலர் தலைமுடியை வெட்டிக் கொடுத்தார்கள். முப்பாட்டன் முதுகொடிய வெட்டிய கரும்பின் தோகை, பேரப்பிள்ளைகளின் கடலைக் காக்க வந்தது. அந்த மண் யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் இதைத்தான் நான் பதிலாகச் சொல்வேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கப்பலில் வந்தவர்களின் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் எழுதிய பதிவேடுகள் அங்கே மோகா நகரின் மகாத்மா காந்தி நிறுவனத்தில் பத்திரமாக இருக்கின்றன. காதில் விழுந்தபடி எழுத்தர் எழுதியதால் பெயர்கள் உருமாறிவிட்டன. என் மேசைமேல் இருக்கும் தாளிலும் சீனிவாசன், பிரெஞ்சு நாக்கில் புரண்டு ‘சீனிவாசென்’ ஆகியிருக்கிறார். ஊர்ப்பெயர்களும் இப்படித்தான் சிதைந்திருக்கின்றன. அந்தச் சிதைந்த பெயரோடு பேரப்பிள்ளைகள் இங்கே வந்து தேடுகிறார்கள்.

அப்படி யாராவது உங்கள் தெருமுனையில் ஒரு தாளை நீட்டி ஊர் கேட்டால், தெரியாது என்று கடந்துவிடாதீர்கள். சத்தமாக ஒருமுறை படித்துப் பாருங்கள். நம் காதுக்கு அந்த ஊர் பிடிபடலாம். உங்கள் வீட்டிலும் அக்கரைக்குப் போய்த் திரும்பாத ஒருவரைப் பற்றிய பேச்சு இருந்திருக்கும். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எங்களுக்கு எழுதுங்கள். வரும் இதழ்களில் அவற்றுக்கு இடம் வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்