தேடாமலே இல்லை என்று சொல்லாதீர்கள்

விமான நிறுவனங்களின் பாயிண்ட் சேர்த்து, அதைக் கொண்டு பிசினஸ் கிளாஸில் பறப்பதெல்லாம் கானல் நீர், சீட்டே கிடைக்காது என்று வாதிடுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: எப்போது தேடினீர்கள்? மே மாத விடுமுறைக்கு ஏப்ரல் கடைசியில் தேடினால் ரயிலிலேயே இடம் கிடைக்காதே!

பிரிட்டிஷ் ஏர்வேஸை எடுத்துக்கொள்ளுங்கள். தன் நெடுந்தூர விமானம் ஒவ்வொன்றிலும் குறைந்தது 4 பிசினஸ் கிளாஸ் சீட்டுகளைப் பாயிண்டுக்கென்றே ஒதுக்குவதாக அந்த நிறுவனம் உறுதி தருகிறது. பயணத்துக்கு 355 நாள் முன்பு, லண்டனின் நள்ளிரவையொட்டி அவை திறக்கின்றன. சென்னையில் அப்போது விடிகாலை. காபி டம்ளரோடு உட்கார்ந்து அந்த நேரத்தில் தேடுகிறவருக்குத்தான் சீட். தவறவிட்டாலும் கதவு மூடிவிடாது; விற்காத இடங்களைப் புறப்பாடு நெருங்கும்போது பல நிறுவனங்கள் திறந்துவிடுகின்றன. தேதியை இரண்டு நாள் நகர்த்துங்கள். கூட்டணி நிறுவனங்களின் விமானங்களையும் பாருங்கள்.

பாயிண்டில் எடுக்கும் டிக்கெட்டிலும் வரியும் கூடுதல் கட்டணமும் கனக்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். பாயிண்டின் மதிப்பு தேய்வதும் உண்மை. ஆனால் அது சேர்த்ததைச் சீக்கிரம் செலவழிக்கக் காரணமே தவிர, சேர்க்காமலிருக்கக் காரணம் அல்ல. பார்த்துப் பார்த்துச் சேர்த்ததைக் காலாவதியாக விட்டுவிட்டு, சீட்டே இல்லை என்று ஊருக்குச் சொல்வது நியாயமா?