மூக்குக்கும் பசியுண்டு

நுழையும்முன்
காவலுக்கென வளர்க்கப்படும் நாய் நாள்முழுதும் கட்டுண்டு கிடந்து ஓயாது குரைக்கிறது. அதன் அடங்காமைக்குக் காரணம் முரட்டுக்குணமா, வேலையின்மையா?

விழுப்புரம் மாவட்டத்தின் முகையூர் போன்ற வேளாண் ஊர்களில் கொல்லைக்கும் களத்துக்கும் தொழுவத்துக்கும் நாயே காவல். துள்ளித் திரியவேண்டிய இளநாய் பகலெல்லாம் கட்டப்பட்டால் கயிற்றைக் கடிக்கும்; மண்ணைத் தோண்டும்; வருவோர் போவோரைக் கண்டு குரைக்கும். உடனே ‘அடங்காத நாய்’ என்னும் பெயர் அதற்கு வந்துவிடுகிறது. சங்கிலி மேலும் குறுகுகிறது. நோயைத் தந்ததையே மருந்தாகக் கொடுக்கும் செயல் இது.

கல்லில் நின்ற காவலன்
ஞமலி, ஞாளி எனச் சங்க இலக்கியம் சுட்டும் நாய், தமிழரிடம் மதிப்புப் பெற்ற உயிர். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்மன் காலத்து நடுகல், கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, கள்வனைக் கடித்துக் காத்துநின்ற ‘கோவிவன்’ என்னும் நாயையும் பெயர் சொல்லிப் போற்றுகிறது. ராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய இனங்கள் வேட்டைக்கும் காவலுக்கும் பெயர்பெற்றவை. தலைமுறை தலைமுறையாக ஓடவும் தேடவும் பழகிய உயிரை நான்கடிச் சங்கிலியில் கட்டிவிட்டு அமைதியை எதிர்பார்ப்பது முறையன்று.

மோப்பம் என்னும் அறிவு
மனிதனைவிடப் பன்மடங்கு மிகுதியான மோப்ப உணர்விகளைக் கொண்டது நாயின் மூக்கு. மனிதன் கண்ணால் உலகை அறிவதுபோல நாய் மோப்பத்தால் அறிகிறது. 2019இல் வெளியான ஆய்வொன்றில் சார்லட் டுரான்டன், அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் ஆகியோர் வளர்ப்பு நாய்களுள் ஒரு பிரிவுக்கு மோப்பப் பயிற்சியும் மற்றொரு பிரிவுக்கு உரிமையாளரை ஒட்டி நடக்கும் பயிற்சியும் அளித்தனர். இரண்டு வாரங்களுக்குப் பின், மோப்பப் பயிற்சி பெற்றவை, உணவு இருக்குமா இல்லையா எனத் தெரியாத கிண்ணத்தை முன்னிலும் விரைவாக நாடின. தானே தேடிக் கண்டடையும் உரிமை நாயின் மனத்தில் நம்பிக்கையை வளர்க்கிறது என்பதே இதன் பொருள்.

செலவில்லாப் பயிற்சி
நாய்க்கு எதற்கு விளையாட்டு, உழைப்பவருக்கு அதற்கேது நேரம் எனச் சிலர் வினவலாம். இதற்குப் பொருட்செலவு இல்லை. நாளொன்றுக்குப் பத்து நிமிடமே தொடக்கத்துக்குப் போதும். அன்றாட உணவில் ஒரு பகுதியைப் புல்தரையில் தூவலாம். பழைய கோணியின் மடிப்புகளில் ஒளித்துவைக்கலாம். மூன்று கொட்டாங்குச்சிகளைக் கவிழ்த்து, ஒன்றன்கீழ் மட்டும் தீனியை வைக்கலாம். வீட்டார் ஒருவரின் துணியை வைக்கோற்போரின் மறைவில் வைத்துத் தேடச்செய்யலாம். எளியதில் தொடங்கிக் கடியதற்குச் செல்லவேண்டும், கண்டடைந்தால் பாராட்டவேண்டும். நடைக்கு அழைத்துச் செல்கையில் நின்று முகர விரும்பும் நாயை இழுத்துச் செல்லாதிருப்பதும் பயிற்சியே.

ஓட்டத்துக்கு மாற்றாக இதனைக் கொள்ளலாகாது. உடலுக்கு ஓட்டம், மனத்துக்குத் தேடல் என இரண்டும் வேண்டும். இயல்பு திடீரென மாறினால் கால்நடை மருத்துவரை நாடுவதே அறிவுடைமை.

சட்டமும் அறமும்
1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், விலங்கை நியாயமற்ற குறுஞ்சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதைக் குற்றமென்கிறது. வழக்கமாகக் கட்டிவைக்கப்படும் நாய்க்கு உரிய உடற்பயிற்சி அளிக்கத் தவறுவதையும் குற்றமாகவே கொள்கிறது. சட்டம் உடலின் தேவையைச் சொன்னது. மனத்தின் தேவையை உணர்வது வளர்ப்போரின் அறம்.

இரவெல்லாம் விழித்து வீட்டைக் காக்கும் உயிருக்குப் பகலில் ஒரு சிறுபொழுதைத் தருவது கொடையன்று, கடன். மூக்கின் பசி தீர்ந்த நாய், யாரும் அதட்டாமலே அமைதியாய்ப் படுத்துறங்கும்.