பட்ஜெட் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போறீங்களா? ரேம் விலை ஏன் எகிறியது... 'ஐ5' என்று சொல்லி எதை விற்கிறார்கள்?

ஆரணிப் பட்டு நெசவு வட்டாரத்தில் இருக்கும் தெள்ளாரில் ஒரு குடும்பம் முதல்முறையாக டெஸ்க்டாப் வாங்க நினைத்தால், வழக்கமா ரெண்டு வழிதான். வந்தவாசியிலோ ஆரணியிலோ கடையில் சொல்லி அசெம்பிள் செய்து வாங்குவது. இல்லைன்னா சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு பஸ் ஏறி, பார்ட்ஸ் வாங்கி வந்து வீட்டிலேயே மாட்டிக்கொள்வது. பிள்ளைகளின் படிப்புக்கு மட்டுமில்லை, ஜக்கார்டுக்கான புடவை டிசைன் வேலையும் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டதால் இந்தத் தேவை கூடியிருக்கிறது.

ஆனால் போன வருஷம் போட்ட பட்ஜெட் இப்போ செல்லாது. காரணம், ரேம்.

ரேம் விலை ஏன் ஏறியது?

உலகத்தின் பெரும்பாலான மெமரி சிப்களைத் தயாரிப்பது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே நிறுவனங்கள். ஏஐ சர்வர்களுக்கு 'எச்பிஎம்' என்ற தனி ரக மெமரி வேண்டும். அதே ஜிபி அளவுக்கு இதைத் தயாரிக்க, சாதாரண டிடிஆர்5 ரேமைவிட சுமார் மூன்று மடங்கு சிலிக்கான் செலவாகிறது. லாபமும் அதில்தான் அதிகம். அதனால் தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. வீட்டு கம்ப்யூட்டருக்கான ரேம் பற்றாக்குறையாகி, 2025 கடைசியில் விலை மடங்கு கணக்கில் ஏறியது. 2025 டிசம்பர் 3 அன்று மைக்ரான், 'குரூஷியல்' என்ற பெயரில் பொதுமக்களுக்கு ரேம், எஸ்எஸ்டி விற்கும் தொழிலையே நிறுத்தப் போவதாக அறிவித்தது. பட்ஜெட் கம்ப்யூட்டர் கட்டுபவர்கள் நம்பி வாங்கிய பெயர் அது.

அதே வாரம் டாலருக்கு எதிரான ரூபாய் மதிப்பு 90-ஐத் தாண்டிச் சரிந்தது. மெமரி சிப்பை வெளிநாட்டிலிருந்து வாங்கும் நமக்கு இது ரெண்டாவது அடி. பழைய டிடிஆர்4 வாங்கினால் தப்பிக்கலாமே என்றால், அதன் உற்பத்தியையும் குறைத்துவிட்டதால் அதுவும் ஏறிவிட்டது.

'ஐ5' வலை

இங்கேதான் ஆபத்து. புது பார்ட்ஸ் விலையைக் கேட்டு மலைத்து நிற்பவரிடம், "ஐ5 கம்ப்யூட்டர், பாதி விலைக்குத் தர்றேன்" என்று ஒருவர் சொன்னால் யாருக்குமே ஆசை வரும். கேபினட் புதுசு, மதர்போர்டுகூட பளபளன்னு புதுசு. உள்ளே இருக்கும் சிபியு மட்டும் 2012-ல் வெளியான மூன்றாம் தலைமுறையாக இருக்கலாம். ஐ5 என்பது பெயர்தான். அது எந்த வருஷத்து ஐ5 என்பதே கேள்வி.

கண்டுபிடிப்பது சுலபம். ஐ5-3470 என்றால் கோடுக்குப் பின்னால் வரும் 3 என்பதே தலைமுறை. ஐ5-12400 என்றால் 12-வது தலைமுறை. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் குறைந்தது 8-வது தலைமுறை வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. பழைய சிபியுவில் பாஸ்வேர்டும் பேங்க் கணக்கும் வைத்துப் புழங்குவது சரியில்லை. லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தெரிந்தவருக்கு மட்டும் அந்த மெஷின் லாபம்.

அப்போ எதில் மிச்சம் பிடிப்பது?

சிபியுவில் இறங்கி வரலாம். படிப்பு, கோடிங், ஆபீஸ் வேலைக்கு இன்டெல் ஐ3-12100, ஏஎம்டி ரைசன் 5 5600ஜி மாதிரி சிபியு தாராளம். ரெண்டிலும் கிராஃபிக்ஸ் உள்ளேயே இருப்பதால் தனி கார்டு வேண்டாம். ஒரு எழுத்தை மட்டும் கவனிக்கணும்: ஐ3-12100 பக்கத்தில் 'எஃப்' என்று இருந்தால் அதில் கிராஃபிக்ஸ் கிடையாது. விலை கொஞ்சம் குறைவு என்று அதை வாங்கி வந்தால், மானிட்டர் கருப்பாகவே நிற்கும்.

ரேமில் 16 ஜிபி கனவைத் தள்ளிப் போடலாம். இப்போது 8 ஜிபி ஒன்று. இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கட்டும், விலை இறங்கும்போது போட்டுக்கலாம். கிராஃபிக்ஸ் வேகம் கொஞ்சம் குறையும், படிப்புக்கு அது தெரியாது. புடவை டிசைன் போடுபவர்கள் மட்டும் இதில் சமரசம் செய்ய வேண்டாம். மதர்போர்டு வாங்கும்போது டிடிஆர்4-ஆ, டிடிஆர்5-ஆ என்று பெட்டியைப் பார்த்துவிட்டுத்தான் ரேம் வாங்கணும். எச்610 போர்டு ரெண்டு வகையிலும் வருகிறது. ஒன்றின் ரேம் இன்னொன்றில் பொருந்தாது.

கை வைக்கவே கூடாத இடம் எஸ்எம்பிஎஸ். கேபினட்டோடு சும்மா வரும் மலிவான எஸ்எம்பிஎஸ், வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊரில் மற்ற பார்ட்ஸையும் சேர்த்துக் கொண்டு போய்விடலாம். நல்ல பிராண்ட் எஸ்எம்பிஎஸ், ஒரு சின்ன யுபிஎஸ், எர்த் சரியாக இருக்கும் மூன்று பின் பிளக். இதற்கான பணத்தை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

ஜிஎஸ்டி பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம். கம்ப்யூட்டர் பார்ட்ஸுக்கு வரி 18 சதவீதம், வலிக்கத்தான் செய்யும். ஆனால் பெட்டியில் சீலோடு வரும் சிபியுவுக்கு 3 வருஷ வாரன்டி உண்டு, அதைக் கேட்கும்போது பில்தான் பேசும்.

மாட்டுவது பயப்படும் வேலை இல்லை. முதல் தடவை என்றால் ஒரு மதியம் ஆகும். ஆன் செய்ததும் ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை என்றால் பதற வேண்டாம். ரேம் 'கிளிக்' சத்தத்தோடு உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால், சிபியு பக்கத்தில் செருக வேண்டிய 8-பின் பவர் கேபிளைப் பாருங்கள். முதல்முறை அசெம்பிள் செய்பவர்கள் அதிகம் மறப்பது அதைத்தான்.