குளிரு நமக்கு, சூடு அடுத்த வீட்டுக்கா?



போன மாத இதழில் எட்டாம் வகுப்புத் தம்பி ஒருவன் "ஏசி நமக்குத் தேவையா?" என்று கேட்டு, "வேண்டவே வேண்டாம்" என்று முடித்திருந்தான். நிறையப் பேர் நல்லா எழுதியிருக்கான் என்றார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன்னா எங்க வீட்டுல ஏசி இருக்கு. ராத்திரி அதுக்குக் கீழே படுத்துத் தூங்கிட்டு, காலையில வந்து வேண்டாம்னு சொன்னா அது பொய்தானே? ஆனால் அவன் சொன்னது முழுக்கத் தப்பும் இல்லை. அதனால் என் கருத்தை எழுதுகிறேன்.

முதலில் நம்ம ஊரைப் பற்றி. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என்று இரண்டும் உண்டு. மூன்று பக்கமும் கடல் சேரும் முனை வேறு. வேலூர், திருச்சி மாதிரி வெயில் நம்மைச் சுடுவதில்லை. நம்மைப் படுத்துவது புழுக்கம். காற்றில் ஈரம் கூடுதலாக இருந்தால் வியர்வை ஆவியாகாது. ஆவியானால்தான் உடம்பு குளிரும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். அதனால்தான் ஃபேன் சுத்தினாலும் உடம்பு பிசுபிசுன்னு இருக்கு.

இன்னொரு விஷயம் தெரியுமா? 1902ல் அமெரிக்காவில் வில்லிஸ் கேரியர் என்ற இன்ஜினியர் இந்தக் கருவியை அமைத்தது மனிதனுக்காக இல்லை. புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரக் காற்றால் காகிதம் விரிந்து சுருங்கி, கலர் மேல் கலர் சரியாக விழாமல் போனது. அந்த ஈரத்தை எடுக்கத்தான் செய்தார். ஆக, ஏசிக்குக் குளிர வைப்பது ஒரு வேலை, காற்றிலிருந்து தண்ணீரைப் பிழிவது இன்னொரு வேலை. நம்ம ஊரில் இந்த இரண்டாவது வேலைதான் பெரிசு. அதை நாம் மறந்துவிடுகிறோம். எங்க வீட்டில் மறந்ததால் என்ன ஆச்சுன்னு சொல்கிறேன்.

எங்க வீடு கடலுக்குப் பக்கம். ராத்திரி அலைச்சத்தம் கேக்கும். மூணு வருஷத்துக்கு முன்னால அப்பா ஏசி வாங்கினாங்க. மாட்ட வந்தவர், "குளிரு வெளிய போகும், வெண்டிலேட்டரை அடைச்சிருங்க" என்றார். அப்பா ரெண்டு வெண்டிலேட்டரையும் சிமெண்ட் வச்சுப் பூசிட்டாங்க. முதல் வருஷம் சொர்க்கம்தான்! அடுத்த வருஷம் ஆனி மாசச் சாரலில் ரூமுக்குள்ள ஒரு நாத்தம். ஈரத்துணியை மூட்டை கட்டி வச்ச மாதிரி. பீரோவுக்குப் பின்னாடி சுவரெல்லாம் கறுப்புப் புள்ளி. என் பெல்ட்டு வெள்ளையாப் பூத்துப் போச்சு. என் தம்பிக்கு ராத்திரி ராத்திரி வீசிங். ரெண்டு தடவை நடுராத்திரியில பைக்குல வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அம்மா பின்னாடி உக்காந்து அவன் நெஞ்சைத் தடவிக்கிட்டே போனதை நான் மறக்கவே மாட்டேன். டாக்டர், "இதுதான் காரணம்னு சொல்ல முடியாது. ஆனா ஈரம் பிடிச்ச ரூமும் பூஞ்சையும் தூசியும் வீசிங்கைக் கூட்டும்" என்றார்.

எங்க ஆச்சி அன்னைக்குச் சொன்னாங்க: "ஏட்டி, வீடே மூச்சு விடாம கெடக்கு. பின்ன பிள்ளைக்கு எப்பிடி மூச்சு வரும்?"

அப்போதான் துபாயிலிருந்து சித்தப்பா லீவுல வந்தாங்க. அங்கே அவங்களுக்கு ஏசி டக்ட் சுத்தம் பண்ற வேலை. டக்ட் என்றால் பெரிய கட்டடங்களில் கூரைக்கு மேல் ஒளிந்து போகும் தகரக் குழாய். அதுவழியாத்தான் குளிர்காற்று ஒவ்வொரு அறைக்கும் போகும். நாம போற ரயிலில் ஏசி பெட்டியிலயும் கூரைக்குள்ள டக்ட் உண்டாம். அதுக்குள்ள தூசியும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சை வளரும். "சும்மா உள்ளே தூத்துப் பெருக்கினா போதாது மக்ளே. ஈரம் எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்தாட்டா திரும்பவும் பூக்கும்" என்றாங்க சித்தப்பா.

நம்ம வீட்டு ஸ்பிலிட் ஏசிக்கு டக்ட் கிடையாது. ஆனாலும் சித்தப்பா மூடியைத் திறந்ததும் எங்க எல்லாருக்கும் வெட்கமாப் போச்சு. வலையில தூசி கம்பளி மாதிரி ஒட்டிக் கிடந்தது. தண்ணி வடியிற தட்டுல வழுவழுன்னு பாசி. அந்தப் பாசி அடைச்சுத்தான் சுவருல தண்ணி இறங்கியிருக்கு. உள்ளே சுத்துற உருளை முழுக்கக் கறுப்பு. அதைத் தொட்டு வந்த காற்றைத்தான் நாங்க ராத்திரி முழுக்க இழுத்திருக்கோம்! ஸ்பிலிட் ஏசி வெளியிலிருந்து புதுக்காற்றைக் கொண்டு வருவதில்லை. ரூமுக்குள் இருக்கிற அதே காற்றைத்தான் திரும்பத் திரும்பச் சுத்த விடுகிறது. இது எனக்கு அன்றுதான் தெரியும்.

ஏசி உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்காக, சித்தப்பா சொல்லித் தந்ததை எழுதுகிறேன்:

1. மெயினை அணைத்துவிட்டு, வலையைக் கழற்றி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரில் கழுவி, நிழலில் காய வைத்து மாட்ட வேண்டும்.

2. தண்ணீர்க் குழாய் ஒழுங்காகச் சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். புழுக்கமான நாளில் சொட்டாவிட்டால் எங்கோ அடைப்பு.

3. அணைப்பதற்கு முன் கொஞ்ச நேரம் ஃபேன் மட்டும் ஓட விட்டால் உள்ளே ஈரம் காயும்.

4. ஏசி ஓடும்போதும் மழையிலும் ஜன்னலை மூடு. வெயில் வந்ததும் திற. கதவைத் திறந்து போட்டு ஏசி ஓட்டினால் ஈரக்காற்று உள்ளே வந்து குளிர்ந்த சுவரில் தண்ணீராகப் படியும்.

5. உப்புக்காற்று வெளிப்பெட்டியைத் தின்னும். கரண்டை நிறுத்திவிட்டு, அப்பாவோ மெக்கானிக்கோ நல்ல தண்ணீரை மெதுவாக விட்டு உப்பைக் கழுவ வேண்டும். நாம் தொடக் கூடாது.

6. "கேஸ் குறைஞ்சு போச்சு" என்று வருஷா வருஷம் ரொப்பினால் சந்தேகப்படு. கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றுவது. ஓட்டை இருந்தால்தான் குறையும். முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும். (எங்க வீட்டுல மூடியைக்கூடத் திறக்காம ரெண்டு தடவை ரொப்பிட்டுப் போனார் ஒருத்தர்!)

7. 2020 ஜனவரி முதல் ஸ்டார் முத்திரை உள்ள ஏசி எல்லாம் 24 டிகிரியில்தான் தொடங்கும்படி மத்திய அரசு விதி செய்திருக்கிறது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம் என்கிறார்கள். 18ல் வைத்துப் போர்வை போர்த்துவது எதுக்கு?

எல்லாம் சரி. இப்போ தலைப்புக்கு வருகிறேன். இதை எழுத எனக்குக் கொஞ்சம் சங்கடம்தான்.

எங்க ஏசியின் வெளிப்பெட்டி பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேரே இருந்தது. அது என் வகுப்புத் தோழி வீடு. அவங்க வீட்டுல ஏசி இல்லை. நாங்க குளிர்ந்த ஒவ்வொரு ராத்திரியும் எங்க ரூமுச் சூடு அவங்க ஜன்னலுக்குத்தான் போயிருக்கு. அவங்க ஜன்னலை மூடிட்டுப் புழுக்கத்துல படுத்திருக்காங்க. தண்ணியும் அவங்க சுவருலதான் சொட்டியிருக்கு. அவ ஒருநாள்கூட என்கிட்ட சொன்னதில்ல. பரீட்சை சமயத்துல, "ஏன் டீ கண்ணு செவந்திருக்கு?"ன்னு கேட்டப்போ, "தூக்கம் வரல"ன்னு மட்டும் சொன்னா. சித்தப்பா பெட்டிக்கு முன்னாடி கையை நீட்டிப் பார்த்துட்டு, "இந்தச் சூடு ஆரு வீட்டுக்குப் போகுது?"ன்னு கேட்டப்போதான் எனக்குப் புரிஞ்சது. அப்பா ஒண்ணும் பேசல. மறுவாரம் பெட்டியைத் தெருப்பக்கம் தூக்கி மாட்டினாங்க. தண்ணிக்குழாய்க்குக் கீழே ஒரு வாளி வச்சோம். ஒரு ராத்திரிக்கு அரை வாளிக்கு மேல சேருது. அதைக் குடிக்கக் கூடாது. எங்க வீட்டுச் செம்பருத்திக்கு ஊத்துறேன்.

வெண்டிலேட்டரையும் உடைச்சுத் திறந்து, வேணும்னா மூடுற மாதிரி சின்னக் கதவு போட்டாச்சு. தம்பிக்கு வீசிங் முழுசும் போகல. ஆனா இந்தச் சாரலுக்கு ஒருநாளும் ராத்திரியில ஆஸ்பத்திரிக்கு ஓடல.

நாம் தக்கலை பக்கம் பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சுற்றுலா போனோமே, நினைவிருக்கா? 1601ஆம் ஆண்டு வாக்கில் கட்டத் தொடங்கியது. சரிந்த ஓட்டுக்கூரை, நடுவில் திறந்த முற்றம், மாடியில் மரச்சட்டம் சட்டமாக வைத்த ஜன்னல். வெளியே வேர்த்து வழிஞ்ச நாம உள்ளே போனதும் "ஆஹா!"ன்னு சொன்னோம். அங்கே ராஜாவுக்கு மட்டும் இல்லை, காற்றுக்கும் வழி விட்டிருந்தார்கள். நம்ம ஆச்சி காலத்து ஓட்டு வீட்டிலும் அங்கணம், படிப்புரை என்று காற்று வர வழி இருந்தது. இப்போ கான்கிரீட் பெட்டி கட்டி, ஓட்டையெல்லாம் அடைச்சுட்டு, அப்புறம் ஏசி வாங்குறோம்.

என் கருத்து இதுதான். ஏசி வாங்குவது பாவம் இல்லை. வயசானவங்க, நோயாளிகள் இருக்கிற வீட்டுல அது தேவையும்கூட. ஆனா வாங்கிட்டுக் கவனிக்காம விடுறது தப்பு. நம்ம சூட்டை அடுத்தவங்க தலையில கொட்டுறது அதைவிடத் தப்பு. புதுசா வீடு கட்டுறவங்க காற்றுக்கு முதலில் வழி விடட்டும். ஏசிக்கு அப்புறம் இடம் பார்க்கலாம்.

இன்னொன்று. வலை கழுவும் வேலையையும் அம்மா தலையில் கட்டிவிடாதீர்கள். எங்க வீட்டுல அது என் வேலை. தம்பி வளர்ந்ததும் அவன் வேலை. ஆம்பளைப் பிள்ளைகளும் கழுவலாம், கை தேஞ்சு போகாது!

இன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் வெளிப்பெட்டி யார் வீட்டைப் பார்த்து நிற்கிறது என்று ஒருதரம் பாருங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதி இந்தப் பலகையிலேயே ஒட்டுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி