கால் இல்லாத பூச்சி

கோடையில் குலுவுக்கும் காஷ்மீரத்துக்கும் சென்று திரும்பும் அன்பர்கள் டிரௌட் மீனின் சுவையைப் புகழக் கேட்டிருக்கிறோம். அம்மீன் நம் நாட்டுக்கு உரியதன்று. ஆங்கிலேயர் தம் ஆட்சிக் காலத்தில் முட்டைகளாகக் கொணர்ந்து இமயத்து ஆறுகளிலும் நம் நீலகிரி ஓடைகளிலும் வளர்த்தனர். மீனோடு, அதனை ஏமாற்றும் கலையும் வந்து சேர்ந்தது. தூண்டில் முள்ளில் இறகையும் இழையையும் சுற்றிப் பொய்ப்பூச்சி கட்டும் கலை அது.

டிரௌட் பெரும்பாலும் நீருக்கு அடியிலேயே இரை கொள்கிறது. மே ஈ எனப்படும் பூச்சி, இளம்பருவம் முழுவதையும் ஆற்றின் அடியில் கழித்து, காலம் வந்ததும் மேலே நீந்தித் தோலுரித்துச் சிறகு பெறுகிறது. பறக்கும் வாழ்வு அதற்கு மிகச் சிறிது. ஆயினும் இங்கிலாந்தின் தெளிந்த ஆறுகளில், மிதக்கும் ஈயைக் கொண்டு மட்டுமே மீன் பிடிப்பது பெருந்தன்மை என்றொரு கொள்கை வேரூன்றியிருந்தது. ஸ்கூஸ் என்னும் லண்டன் வழக்கறிஞர் அதனை ஏற்கவில்லை. பிடித்த மீனின் வயிற்றிலிருந்ததை எடுத்து வெண்ணிறத் தட்டில் நீர்விட்டுப் பரப்பிப் பார்த்தார். அங்கே கண்ட இளம்பூச்சிகளைப் போலவே கட்டலானார். 1910-இல் நூலும் எழுதினார். அது நேர்மையன்று என்ற பூசல் மூண்டு, 1938-இல் லண்டனில் அதற்கெனத் தனி விவாதமே நடைபெற்றது. 1883 முதல் தாம் தூண்டில் வீசி வந்த இட்சென் ஆற்றுப் பகுதியை அவ்வாண்டிலேயே அவர் துறந்தார். எண்பது வயதில் அது எத்தகைய பிரிவென்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அவருக்குப் பின் வந்த பிராங்க் சாயர், ஏவன் ஆற்றின் காவலர். நாள்தோறும் நீரை நோக்கியிருப்பதே அவர் தொழில். நீந்தும் இளம்பூச்சி தன் கால்களை உடலோடு ஒடுக்கிக்கொள்வதை அவர் கண்டார். எனவே தம் பூச்சிக்குக் கால் வைக்கவே இல்லை! நூலையும் நீக்கினார். முடியளவு மெல்லிய செந்நிறச் செப்புக் கம்பியும், ஃபெசன்ட் என்னும் பறவையின் வால் இழைகளுமே அவருக்குப் போதும். முதலில் கம்பியை முள்மீது சுற்றி, மார்புப் பகுதியைச் சற்றே தடிப்பாக்குவார். நான்கு இழைகளின் நுனியை வாலாக நீட்டிக் கட்டி, எஞ்சியதைக் கம்பியோடு முறுக்கி முன்நோக்கிச் சுற்றுவார். பின்னர் அவ்விழைகளை மார்பின்மேல் முன்னும் பின்னுமாக மடித்துக் கட்டினால், விரியாத சிறகின் உறை போன்ற திமில் அமைந்துவிடும். கம்பியின் எடையால் பூச்சி விரைந்து ஆழ்கிறது. மீன் அருகில் வந்ததும் கோலின் நுனியை மெல்ல உயர்த்தினால், உயிருள்ளது போல் அது மேலெழுகிறது. 1958-இல் அவர் நூல் வெளிவந்தது; இன்றும் உலகெங்கும் அப்பூச்சியைக் கட்டுகின்றனர்.

நாமும் சேவலின் செந்நிற வால் இறகைக் கொண்டு முயன்றோம். முதல் இரண்டிலும் முள்ளின் காதையே கம்பியால் அடைத்துவிட்டோம், நரம்பு நுழையவில்லை. நம் இல்லத்துச் சிறுவன் கண்ணாடி வைத்துப் பார்த்து, கண்ணும் ஆறு கால்களும் கணுக்களும் அமையப் பத்து நாட்களில் ஒன்று கட்டினான். கண்டோர் கையை இழுத்துக்கொண்டனர். உரிய அனுமதிச்சீட்டுப் பெற்றுத் தீர்த்தன் ஆற்றில் வீசினோம். விறைத்த கால்களோடு அது பம்பரமாய்ச் சுழன்றது. மீன்கள் விலகிச் சென்றன. மாலையில், நாம் கட்டிய கோணல் பூச்சியை ஒரு மீன் கவ்விற்று. சிறுவன் அன்றிரவு எம்மோடு பேசவில்லை. மறுநாள் விடியுமுன் ஆற்றங்கரையில் அவனைக் கண்டோம். ஒரு கல்லைப் புரட்டி, அதன் அடிப்புறத்தை உற்று நோக்கிக்கொண்டிருந்தான்.