வயிற்றைச் சுருக்கினால் போதுமா?

உடல் பருமனைக் குறைக்க வயிற்றில் ஆபரேஷன் செய்துகொள்வது ஒரு காலத்தில் பணக்காரர் வீட்டு விஷயமாக இருந்தது. 2017ஆம் ஆண்டு எகிப்து நாட்டுப் பெண்மணி ஒருவர் இந்தச் சிகிச்சைக்காகவே விமானத்தில் மும்பைக்குக் கொண்டுவரப்பட்டபோது பத்திரிகைகள் நாள்தோறும் அதைப் பற்றி எழுதின. இப்படி ஒரு ஆபரேஷன் இருப்பதையே அப்போதுதான் நம்மவர்களில் பலர் அறிந்துகொண்டார்கள். இன்று தாராவியிலும் செம்பூரிலும் டோம்பிவிலியிலும் மாதச் சம்பளக்காரர்கள்கூட அது பற்றி விசாரிக்கிறார்கள். எவ்வளவு செலவு, இன்ஷூரன்ஸ் கிடைக்குமா, எத்தனை நாள் லீவு என்ற மூன்று கேள்விகளோடு விசாரணை முடிந்துவிடுகிறது. நாலாவது கேள்வி ஒன்று உண்டு. வீட்டுக்கு வந்தபின் அந்த மனிதருக்கு யார் சமைத்துப் போடுவது, என்ன சமைத்துப் போடுவது என்பதே அது. ஆபரேஷனின் பலன் பெரும்பாலும் அந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

பருமன் நம்மவரிடையே பெரும் பிரச்சினையாகிவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை. மத்திய அரசின் ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019-21ல் நடந்தது. தமிழ்நாட்டில் 100 பெண்களில் 40 பேரும் 100 ஆண்களில் 37 பேரும் இருக்கவேண்டிய எடைக்கு மேல் இருப்பதாக அது சொல்கிறது. அகில இந்தியக் கணக்கு 24, 23 என்ற அளவில்தான் உள்ளது. ஊரைவிட்டு வந்து நாற்காலியில் எட்டு மணி நேரமும் லோக்கல் ரயிலில் மூன்று மணி நேரமும் கழிக்கும் குமாஸ்தாவின் உடம்பு இதைவிட இளைத்திருக்கும் என்று நம்ப இடமில்லை.

ஆபரேஷனும் புதிதல்ல. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற டாக்டர் 1966லேயே இரைப்பையைச் சுருக்கிக் குடலோடு இணைக்கும் முறையைத் தொடங்கிவிட்டார். இன்று இங்கே அதிகம் நடப்பது இரண்டு வகை. ஒன்றில் இரைப்பையின் முக்கால் பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம்போல் ஒரு குழாயை மட்டும் மிச்சம் வைக்கிறார்கள். மற்றதில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை இரைப்பையின் உச்சியில் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலோடு சேர்க்கிறார்கள். ஒரு லிட்டருக்கு மேல் கொண்ட வயிறு, சில கரண்டியில் நிரம்பிவிடுகிறது. பசியைத் தூண்டும் ஹார்மோன் சுரக்கும் பகுதியும் முதல் வகையில் போய்விடுவதால் ஆரம்பத்தில் பசியே தெரிவதில்லை. ஒன்றரை வருஷத்துக்குள் கூடுதல் எடையில் பாதிக்கு மேல் குறைவது சாதாரணம். பலருக்குச் சர்க்கரை வியாதியும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் வந்துவிடுகின்றன. ஆகவே இதைக் கண்மூடித்தனமாக எதிர்ப்பது தவறு.

ஆனால் கத்தியின் வேலை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். இரண்டு மூன்று நாளில் நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மிச்ச வேலை முழுதும் அடுப்பங்கரையில் நடக்க வேண்டியது.

இலையின் வரிசை மாறுகிறது

முதல் ஓரிரு நாள் தண்ணீர், இளநீர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர். பிறகு சுமார் இரண்டு வாரம் பால், மோர், நீர்த்த கஞ்சி, டாக்டர் எழுதித் தரும் புரதப் பவுடர். மூன்றாம், நான்காம் வாரங்களில் கூழாக மசித்த பருப்பு, தயிர். அதன்பின் குழைய வெந்த முட்டை, முள் எடுத்த மீன், இட்லி என்று மெதுவாக ஏறி, ஆறு முதல் எட்டு வாரத்தில் சாதாரணச் சாப்பாட்டுக்கு வரலாம். இது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி சிறிது மாறும். அவரவர் டாக்டர் சொன்னதே கணக்கு.

கஷ்டம் இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. நம் சாப்பாட்டில் சோறுதான் ராஜா. நடுவில் சோற்றைக் குவித்து, அதற்குத் துணையாகத்தான் குழம்பும் கூட்டும் வருகின்றன. ஆபரேஷன் ஆனவர் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் பருப்பு, முட்டை, மீன் போன்ற புரதம், அடுத்து காய்கறி, இடமிருந்தால் இரண்டு வாய் சோறு. ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் ஆறேழு கிராம், 100 கிராம் மீனில் 18 முதல் 20 கிராம் இருக்கிறது. சோற்றை முதலில் உள்ளே விட்டால் இவற்றுக்கு இடம் ஏது? புரதம் போதாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். மூன்றாம் மாதத்திலிருந்து தலைமுடி கொட்டுவது பலருக்கு நேர்வதுதான், பிறகு வளர்ந்துவிடும். புரதமும் இரும்புச்சத்தும் குறைந்தால் அது இன்னும் மோசமாகும்.

சைவக் குடும்பங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. பொட்டுக்கடலை, பாசிப்பருப்பு, தயிர், பனீர், சோயா உருண்டை எல்லாம் மலிவாகக் கிடைப்பவையே. சோயா உருண்டையில் பாதிக்குப் பாதி புரதம்.

தண்ணீர் விஷயத்திலும் பழக்கம் மாற வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான் குடிக்க வேண்டும், அதையும் மடக் மடக்கென்று குடிக்காமல் வாய் வாயாகக் குடிக்க வேண்டும். அப்படியே ஒன்றரை, இரண்டு லிட்டர் உள்ளே போயாக வேண்டும். ஒரு கவளத்தை நன்றாக மென்று விழுங்க அரை நிமிஷமாவது ஆகும். அரை மணி நேர லஞ்ச் இடைவேளையில் பத்து நிமிஷம் வரிசையிலும் ஐந்து நிமிஷம் கை கழுவுவதிலும் போய்விடும் ஆபீஸ்களில் இது எளிதல்ல. மேலதிகாரிகள் இதற்கு இடம் கொடுத்தால் நல்லது. மருத்துவ லீவு கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணும் ஆபீஸ்கள்தான் அதிகம்.

இந்த நகரத்துக்கே உரிய தொல்லைகளும் உண்டு. ஸ்டேஷன் வாசலில் பசியாற்றும் வடா பாவ், சுருங்கிய வயிற்றில் மாவுப் பந்தாகச் சிக்கிக்கொள்ளும். அரை தம்ளர் டீயில் போடும் சர்க்கரையும், கேன்டீன் ஜிலேபியும், முக்கியமாகக் குடலோடு நேரே இணைத்தவர்களுக்கு, சட்டென்று குடலில் இறங்கிப் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு எல்லாவற்றையும் அரை மணிக்குள் கொண்டுவந்துவிடும். லோக்கல் ரயிலில் கழிப்பிடம் கிடையாது. கல்யாணிலிருந்து ஏறி நெரிசலில் நிற்பவருக்குக் குர்லா தாண்டுமுன் அப்படி வந்தால் என்ன கதி என்பதை விவரிக்க வேண்டியதில்லை. காலையில் இனிப்பு, எண்ணெய்ப் பலகாரம் எதையும் தொடாமல் புறப்படுவதும், முதல் ஒரு மாதமாவது கூட்டம் குறைந்த நேரத்து வண்டியில் போவதும் புத்திசாலித்தனம். நாற்காலி வேலைக்காரர் இரண்டு முதல் நான்கு வாரத்தில் வேலைக்குத் திரும்பலாம். மூட்டை தூக்குபவர் அப்படித் திரும்பக் கூடாது. ஒன்றரை மாதம் வரை பாரம் தூக்கத் தடை என்று டாக்டர்கள் சொல்வதை, தினக்கூலிக்காரர் ஆபரேஷனுக்கு நாள் குறிக்குமுன்பே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மறைப்பதால் வரும் ஆபத்து

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி வெட்கம். ஆபரேஷனை நம்மவர்கள் மறைக்கிறார்கள். மெஸ்ஸில் கூடச் சாப்பிடுபவர்களிடம் "அல்சர்" என்கிறார்கள். ஆபீஸில் "குடலிறக்கம்" என்கிறார்கள். அல்சர்காரனுக்கு யார்தான் விட்டுக்கொடுப்பார்கள்? "காரம் இல்லாமல் தயிர் சாதம் இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கோ அண்ணே" என்று அன்போடு வற்புறுத்துவார்கள். மறுக்க முடியாமல் சாப்பிட்டு, பின்னால் போய் வாந்தி எடுப்பார். அளவற்ற சாப்பாட்டுக்கு மாதப் பணம் கட்டியாயிற்றே என்ற மனக்கணக்கு வேறு. வாந்தி ஒரு நாளோடு நின்றால் சரி. நாள்கணக்கில் தொடர்ந்தால் பி1 வைட்டமின் குறைந்து, நரம்பும் மூளையும் பாதிக்கப்படலாம். இது ஒருவர் மானத்துக்காகக் கொடுக்கக்கூடிய விலை அல்ல.

ஊருக்குப் போனால் இன்னொரு சோதனை. திருநெல்வேலிப் பக்கம் கொடைக்குப் போகிறவர் ஒன்றரை நாள் ரயிலில் பொட்டுக்கடலை மாவும் மோருமாகச் சமாளித்துவிடலாம். வீட்டுக்குள் நுழைந்ததும் "என்ன இப்படி உருகிப்போயிட்டே, சீக்கா?" என்பார்கள். பருமனாக இருந்தபோது ஒன்றும் கேட்காதவர்கள், இளைத்தவுடன் டிபி என்றும் சர்க்கரை என்றும் குசுகுசுப்பார்கள். தாயார் கறிக்குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து கையில் உருட்டி வைப்பார். தாயாரிடமாவது உண்மையைச் சொல்லியிருந்தால், அந்தக் கையே குழம்பிலிருந்து கறியை மட்டும் மெத்தென்று பார்த்து எடுத்துக் கொடுத்திருக்கும்.

பெண்கள் விஷயத்தில் இந்த ஒளிவுமறைவு இன்னும் கொடியது. கல்யாணம் கூடிவர வேண்டும் என்பதற்காகவே மகளுக்கு இந்த ஆபரேஷனைச் செய்வித்து, மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாமல் அவசரமாக முகூர்த்தம் வைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பின் 12 முதல் 18 மாதம் கர்ப்பம் தரிக்கக் கூடாது என்பது டாக்டர்களின் எச்சரிக்கை. எடை வேகமாகக் குறையும் அந்தக் காலத்தில் தாய்க்கே சத்து போதாது, வயிற்றுக் குழந்தைக்கு எங்கிருந்து வரும்? எடை குறைந்தால் கருத்தரிக்கும் வாய்ப்பும் முன்னைவிடக் கூடுகிறது. புகுந்த வீட்டிலோ மூன்றாம் மாதமே "விசேஷம் உண்டா?" என்று கேட்கத் தொடங்குவார்கள். அந்தப் பெண் யாரிடம் சொல்லுவாள்? எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் மிஞ்சியதை உண்ணும் வழக்கமுள்ள வீட்டில், அவளுக்கென்று தனியாக முட்டையும் பருப்பும் யார் எடுத்து வைப்பார்கள்? மாத்திரை டப்பாவையே புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைக்க வேண்டியிருக்கும். ஆபரேஷன் செய்த பெண்ணுக்கு உண்மையைச் சொல்லிப் பேசி முடிக்க முடியாத சம்பந்தம், செய்யத் தகுந்த சம்பந்தம் அல்ல.

மாத்திரைக்குப் பணம் எங்கே?

இனி பணக் கணக்கு. இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019ல் வெளியிட்ட விதிகளின்படி, உயரத்துக்கும் எடைக்குமான விகிதமான பிஎம்ஐ 40க்கு மேல் இருந்தால் இந்த ஆபரேஷன் செலவைப் பாலிசியிலிருந்து ஒதுக்கிவிட முடியாது. 35க்கு மேல் இருந்து, இதயநோய், கட்டுப்படாத சர்க்கரை, தூக்கத்தில் கடுமையான மூச்சுத் தடை போன்றவையும் சேர்ந்து, மற்ற முறைகள் பலன் தராமல் போனவர்களுக்கும் இது பொருந்தும். 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 40 என்பது சுமார் 109 கிலோ. டாக்டரின் சிபாரிசும் 18 வயதும் அவசியம். பாலிசியின் காத்திருப்புக் காலத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் பெரும்பாலான பாலிசிகள் படுக்கையில் கிடக்கும் நாளுக்குத்தான் பணம் தரும். பி12, இரும்பு, சுண்ணாம்புச்சத்து, டி வைட்டமின் ஆகியவற்றை ஆயுள் முழுதும் சாப்பிட வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறையாவது ரத்தப் பரிசோதனை வேண்டும், முதல் வருஷத்தில் அதைவிட அதிகம். இந்தச் செலவு மாதச் சம்பளத்திலிருந்துதான் வர வேண்டும். வட்டிக்குக் கடன் வாங்கி ஆபரேஷன் செய்துகொண்டு, வட்டி கட்ட முடியாமல் முதலில் நிறுத்துவது மாத்திரையைத்தான். நிறுத்தியவுடன் ஒன்றும் தெரியாது. மாதங்கள், வருஷங்கள் கழித்துச் சோகையும் கால் மரத்துப்போவதும் எலும்பு வலியும் வரும்போது, அதை மூன்று வருஷத்துக்கு முந்திய ஆபரேஷனோடு யாரும் முடிச்சுப் போடமாட்டார்கள். முழங்கால் வலி என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளும் சுருக்கிய வயிற்றில் புண்ணை உண்டாக்கும். இரும்பு மாத்திரையையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் ஒன்றாக விழுங்கக் கூடாது, இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும் என்ற சின்ன விஷயத்தைக்கூடப் பலருக்கு யாரும் சொல்வதில்லை. சர்க்கரை வியாதிக்காரர் பழைய அளவிலேயே மருந்தைத் தொடர்ந்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும்.

குடிப் பழக்கம் உள்ளவர்கள் ஆபரேஷனை ஒத்திப்போட்டு முதலில் அதை விடட்டும். சுருங்கிய வயிற்றில் மது சீக்கிரம் ஏறும், அடிமைத்தனமும் கூடும்.

வாசகர்களில் யாராவது இந்த முடிவை எடுத்திருந்தால், கத்தி பிடிக்கும் டாக்டரைப் பார்க்கும் அன்றே உணவு ஆலோசகரையும் பார்க்க வேண்டும், தனியாகப் போகாமல் வீட்டில் சமைப்பவரையும் அழைத்துப் போக வேண்டும். அறையெடுத்துத் தங்கி மெஸ்ஸில் சாப்பிடும் தனிக்கட்டைகள், முதல் இரண்டு மாதத்துக்குச் சமைத்துப் போட ஒருவர் கிடைக்கும்வரை காத்திருப்பதில் தவறில்லை. வீடு திரும்பிய சில வாரங்களில் காய்ச்சல், நிற்காத நெஞ்சுப் படபடப்பு, கடும் வயிற்று வலி வந்தால் தையலில் கசிவு இருக்கலாம். "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆஸ்பத்திரிகளும் ஒன்று செய்ய வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொடுக்கும் உணவுத் தாள் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்கிறது. அதில் கிச்சடி, தலியா, மூங் சூப் என்று போட்டிருக்கிறது. பத்தாவது படித்த கணவர் அதை ஒருவாறு வாசித்துவிடலாம். சமைக்கிற மனைவிக்கு அது புரிவதில்லை. புரியாததால் தெரிந்த ரசஞ்சோற்றையே குழைத்துக் கொடுக்கிறார். இட்லி எத்தனையாவது வாரம், முட்டை எப்போது, மீன் எந்தப் பக்குவத்தில், சோறு எத்தனை கரண்டி என்று தமிழில் ஒரே பக்கத்தில் அச்சடிக்க எந்த ஆஸ்பத்திரிக்கும் பெரிய செலவாகாது. அவர்கள் செய்யும்வரை, இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் ஆண்டு விழா மலரில் ஒரு பக்கத்தை இதற்கு ஒதுக்கி, டாக்டர் ஒருவரைக்கொண்டு சரிபார்த்து வெளியிடலாம். மலரிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்து அரிசி டின்னுக்கு மேலே ஒட்டிக்கொள்வார்கள்.