ரகசியம் யாருடையது?

நான் படித்த காலத்தில் புதுச்சேரி பிரெஞ்சுப் பள்ளிகளில் 'சுர்வெயான்' என்று ஒருவர் இருப்பார். கண்காணிப்பாளர். தாழ்வாரத்தில் அவர் தலை தெரிந்தாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். பிரான்சில் 1970-இல் தலைமைச் சுர்வெயான் பதவிக்குக் 'கல்வி ஆலோசகர்' என்று பெயர் மாற்றினார்கள். மிரட்டுகிறவர் போய், காது கொடுத்துக் கேட்கிறவர் வரவேண்டும் என்பது எண்ணம். நம் ஊரிலும் இப்போது ஆலோசகர்கள் வந்துவிட்டார்கள். கேட்கவும் கேட்கிறார்கள். கேட்டதை என்ன செய்கிறார்கள் என்பதுதான் என் சண்டை.

எங்கள் தெருவில் ஒரு பையன். ஒன்பதாவது படிக்கிறான். வகுப்பில் தூங்குகிறான், அடிதடி செய்கிறான் என்று ஆலோசகரிடம் அனுப்பினார்கள். அந்த அம்மா அன்பாகத்தான் பேசினாராம். அப்பா குடித்துவிட்டு வந்து தன் அம்மாவை அடிப்பதை நம்பிச் சொல்லிவிட்டான். மதியச் சாப்பாட்டுக்குள் ஆசிரியர் அறை முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் அப்பனையே வரவழைத்து, "உங்கள் பையன் இப்படிச் சொல்கிறானே" என்று விசாரித்தார்கள். அன்றிரவு அவனுக்கு விழுந்த அடி எங்கள் வீடு வரை கேட்டது. போய்க் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. இப்போது எது கேட்டாலும், "ஒண்ணுமில்ல தாத்தா" என்கிறான்.

நான் குமாஸ்தாவாக இருந்தவன். எங்களைப் பற்றி மேலதிகாரி எழுதும் ரகசியக் குறிப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார்கள். ஒரு குமாஸ்தாவின் ரகசியத்துக்கு இருக்கும் பூட்டு, ஒரு குழந்தையின் கண்ணீருக்குக் கிடையாதா?

"பெற்றோரிடம் மறைக்கலாமா?" என்பார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மறைக்கக் கூடாது. பாலியல் கொடுமை என்றால் 2012 போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியே தீரவேண்டும். வீட்டில் அடி என்றால் 1098 இருக்கிறது. ஆனால் எதையும் பிள்ளையிடம் முதலில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அடிக்கிறவன் கையிலேயே கொண்டுபோய்க் கொடுப்பதற்கு ஆலோசனை என்று பெயரா?

நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல உத்தரவு. கூடவே அவருக்குக் கதவுள்ள ஓர் அறையும், பூட்டுள்ள ஒரு பீரோவும் கொடுங்கள். சாவி தலைமை ஆசிரியரிடம் இருக்கக் கூடாது. இல்லையென்றால் அவரும் சுர்வெயான்தான். பழைய சுர்வெயானிடமாவது நாங்கள் ஏமாந்து வாய்திறந்ததில்லை.